நாலு பேர் சொன்னார்கள்!

நம் ஊரில் ஒரு விசித்திரமான கமிட்டி உண்டு. அதற்கு ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது, தலைவர் யாரென்றும் தெரியாது. ஆனால் வீட்டில் வயசுப் பெண் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், காலேஜ் பஸ்ஸைத் தவறவிட்டு எட்டு மணிக்கு வந்தால் போதும்... உடனே கமிட்டி கூடிவிடும். 'நாலு பேர் என்ன சொல்வாங்க?' என்று அம்மா கேட்பாள். அந்த 'நாலு பேர்' சொல்லும் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது!

2018-ம் வருடம் மார்ச் மாதம், மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையில், நிஜமாகவே ஒரு நாலு பேர் சொன்னார்கள். நாலு பேருமே கல்லூரி மாணவிகள். அவர்கள் சொன்னது தமிழ்நாட்டையே உலுக்கியது. ராஜா ராணி சரித்திரத்துக்கு நடுவே இந்தச் சரித்திரத்தையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காரணம், இது உங்கள் வீட்டுப் பெண் தினமும் புத்தகப் பையோடு நடந்து போகிற சரித்திரம்.

அருப்புக்கோட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரிசல் பூமி. தறிச் சத்தம் கேட்கும் ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் பஸ் பிடித்துப் படிக்க வருகிறார்கள். பலருக்கு, குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் ஆள் தாங்கள்தான் என்ற பெருமை. கூடவே பயமும்!

அங்கே தேவாங்கர் கலைக் கல்லூரியில் கணிதத் துறை உதவிப் பேராசிரியையாக இருந்தவர் நிர்மலாதேவி. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற கல்லூரி அது. அவர் தன் மாணவிகளிடம் போனில் பேசுகிறார். சுமார் 19 நிமிடப் பேச்சு. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரவில்லை. பாசமாக ஆரம்பிக்கிறார். பல்கலைக்கழகத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு 'உதவி' எதிர்பார்ப்பதாகவும், ஒத்துக்கொண்டால் மார்க், மேற்படிப்பு, பணம் என்று வாழ்க்கையே மாறிவிடும் என்றும் ஜாடையாகச் சொல்கிறார். எங்கேயும் பச்சையாக ஒரு வார்த்தை இல்லை. கேட்கிற யாருக்கும் அர்த்தம் புரியாமல் போகாது.

மாணவிகளுக்கும் புரிந்தது. இதில் எங்களுக்கு விருப்பமில்லை, இந்தப் பேச்சே வேண்டாம் என்று மரியாதையாகவே மறுத்தார்கள். 'மேடம்' என்கிற வார்த்தை மட்டும் கடைசிவரை அவர்கள் வாயிலிருந்து போகவில்லை! எதிர்முனையில் விடாமல் வற்புறுத்தல். அந்தப் பேச்சு போனில் பதிவானது. பிறகு கல்லூரி நிர்வாகத்திடம் புகார் செய்தார்கள். மார்ச் மாதமே பேராசிரியை சஸ்பெண்ட் ஆனார். ஏப்ரலில் அந்த ஆடியோ ஊர் முழுக்கப் பரவியது. ஏப்ரல் 16-ம் தேதி கைது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு உதவிப் பேராசிரியரும் ஒரு ஆராய்ச்சி மாணவரும்கூடக் கைதானார்கள்.

அந்த வழக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? வருகிறேன். அதற்கு முன்னால், இந்த நாலு பேர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரிய வேண்டுமென்றால், கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பெயர் இல்லாத குற்றம்

ஒரு வலிக்குப் பெயர் இல்லாவிட்டால் டாக்டரிடம் என்ன சொல்வீர்கள்? 'ஏதோ மாதிரி இருக்கு டாக்டர்' என்பீர்கள். பெண்களும் நூறு வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'அந்த சார் ஏதோ மாதிரி பார்க்கறார்... ஏதோ மாதிரி பேசறார்...'

வெள்ளைக்காரர்கள் 1860-ல் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 354 என்று ஒரு பிரிவு இருந்தது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கிற பலாத்காரம் குற்றம் என்றது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்... தப்பு செய்தது ஒருத்தன், 'பங்கம்' ஆனது யாருடைய மானம்? அவளுடையது! புகார் கொடுக்கப் போகிற பெண், 'என் மானம் போச்சு' என்று ஊர் அறியச் சொன்னால்தான் கேஸ். வெட்கம் குற்றவாளியை விட்டுவிட்டு, புகார் கொடுத்தவள் தோளில் ஏறிக்கொண்டது.

இந்தக் குற்றத்துக்குச் சரியான பெயர் கிடைத்த இடம் எது தெரியுமா? ஒரு பல்கலைக்கழக வளாகம்தான்! அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம். அங்கே ஆபீஸ் வேலையில் இருந்தவர் கார்மிட்டா வுட். நடுத்தர வயது, குடும்பஸ்தி. ஒரு பெரிய பேராசிரியரின் தொல்லை தாங்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டார், கிடைக்கவில்லை. வேலையையே விட்டுவிட்டார். வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். 'ஏன் வேலையை விட்டீர்கள்?' என்று ஒரு கேள்வி. என்ன எழுதுவது? அந்தக் கொடுமைக்குத்தான் வார்த்தையே இல்லையே! கடைசியில் அதிகாரிகள் அதைச் 'சொந்தக் காரணம்' என்று சொல்லி உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள்.

அங்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த லின் ஃபார்லியும் சில பெண்களும் 1975-ல் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோதுதான், கிட்டத்தட்ட எல்லோருக்கும் இதே அனுபவம் இருப்பது தெரியவந்தது. இதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இன்று உலகமெங்கும் சட்டப் புத்தகங்களில் இருக்கும் 'பாலியல் துன்புறுத்தல்' என்ற சொல் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

இரண்டே வருடத்தில் அடுத்த கட்டம். 1977-ல் யேல் பல்கலைக்கழக மாணவிகள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களில் பமேலா பிரைஸ் என்ற மாணவி சொன்ன புகார் என்ன தெரியுமா? 'ஆசைக்கு இணங்கினால் நல்ல கிரேடு' என்று பேராசிரியர் பேரம் பேசினார் என்பது! நாற்பது வருடம் கழித்து அருப்புக்கோட்டைக்கு வந்த அதே மார்க் பேரம். 1980-ல் மாணவிகள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் 'மார்க்குக்காக மாணவியிடம் பேரம் பேசுவது பெண் என்பதற்காகக் காட்டும் பாகுபாடு' என்பதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டிருந்தது. யேல் பல்கலைக்கழகமும் மாணவிகள் புகார் செய்ய முறையான ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. கேஸில் தோற்று, காரியத்தில் ஜெயித்த கதை!

'அற்ப விஷயம்' என்றார்கள்

நம் நாட்டுக்கு வருவோம். 1988-ல் சண்டிகரில் ஒரு விருந்து. பஞ்சாப் போலீஸின் தலைவர் கே.பி.எஸ். கில் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். அவர் சாதாரண ஆள் இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி! அவருக்கே என்ன பதில் தெரியுமா? இதெல்லாம் அற்ப விஷயம் என்ற ரீதியில் உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. அந்த அம்மாள் விடவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1996-ல் கில் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே 17 வருடம்!

இன்னொருவர் ராஜஸ்தானில் பட்டேரி என்கிற கிராமத்து ஏழைப் பெண், பன்வாரி தேவி. அரசாங்கத்தின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். வேலையைச் செய்ததற்குப் பழிவாங்க, 1992-ல் அவரைக் கூட்டுப் பலாத்காரம் செய்தார்கள். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்காக 'விசாகா' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில், நாட்டில் உள்ள அத்தனை பெண்களுக்கும் ஒரு கவசம் கிடைத்தது. 1997 ஆகஸ்ட் 13-ம் தேதி வந்த அந்தத் தீர்ப்புதான் புகழ்பெற்ற 'விசாகா' தீர்ப்பு.

உடம்பைத் தொடுவது, நெருங்குவது... பாலியல் சலுகை கேட்பது... ஆபாசமான பேச்சு... ஆபாசப் படம் காட்டுவது... வார்த்தையாலோ சைகையாலோ செய்கிற வேறு எந்தப் பாலியல் சீண்டலும்... இவையெல்லாம் துன்புறுத்தல் என்று வரிசை போட்டுச் சொன்னது அந்தத் தீர்ப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே உரைகல்தான். அந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பம் இல்லை. அவ்வளவுதான். 'நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்' என்ற பழைய சாக்கு அன்றோடு செல்லாக்காசு!

தமிழ்நாட்டில் இந்த 'விளையாட்டு' ஒரு உயிரையே பறித்திருக்கிறது. 1998 ஜூலை, சென்னை. எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா நடந்து போய்க்கொண்டிருந்தார். ஆட்டோவில் வந்த இளைஞர்கள் செய்த கலாட்டாவில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு, சில நாட்களில் இறந்துபோனார். அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. பெயர், 'ஈவ் டீசிங் தடைச் சட்டம்'. கேலி, கிண்டல் மாதிரி ஒரு செல்லப் பெயர் பாருங்கள்! 2002-ல்தான் அந்தப் பெயர் தூக்கப்பட்டு, 'பெண்களைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டம்' ஆனது. மானபங்கம் என்று ஆரம்பித்து, ஈவ் டீசிங்காகி, துன்புறுத்தலாவதற்கு 142 வருடம் பிடித்திருக்கிறது.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு சம்பவமும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. 1999-ல் அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், காவலுக்கு வந்த போலீஸ்காரரே குடிபோதையில் வம்பு செய்தார் என்று புகார். கோர்ட்டில் சாட்சிகள் பின்வாங்க, அவர் விடுதலை ஆகிவிட்டார். ஆனால் துறை விசாரணையில் வேலை போனது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேலைநீக்கம் சரி என்று சொன்னதோடு, நாடு முழுமைக்கும் சில உத்தரவுகளும் போட்டது. அதில் ஒன்று: ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், கண்டக்டரும் டிரைவரும் பஸ்ஸை நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும்! பெரியார் பஸ் ஸ்டாண்டிலும் மாட்டுத்தாவணியிலும் காலை நேரக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு காலேஜுக்குப் போகிற எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

இந்த வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கோர்ட் விசாரணை வேறு, நிர்வாக விசாரணை வேறு. ஒன்றில் தப்பித்தவன் மற்றொன்றில் மாட்டலாம். அதனால் கல்லூரியில் புகார் கொடுத்தால் போலீஸுக்குப் போகக்கூடாது என்றோ, போலீஸுக்குப் போனால் கல்லூரி விசாரிக்காது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதுவெல்லாம் துன்புறுத்தல்?

2013-ல் பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. கல்லூரிகளுக்கென்றே யு.ஜி.சி. தனி விதிமுறைகள் வகுத்தது. 2015-ம் ஆண்டின் விதிமுறைகள் என்று பெயர், அறிவிக்கப்பட்டது 2016 மே மாதம். மாணவிகள் மட்டுமல்ல, மாணவர்களும் திருநங்கைகளும்கூட இந்தத் தொல்லைக்கு ஆளாகலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இந்தத் துன்புறுத்தல் பெரும்பாலும் இரண்டு வேஷத்தில் வரும். முதல் வேஷம், பேரம். 'நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்.' இன்டர்னல் மார்க், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, வைவா, பிஎச்.டி. கைடின் ஒப்புதல்... கொடுக்க வேண்டியது அவருடைய கடமை, ஆனால் அதையே சலுகை மாதிரிக் காட்டுவார். தராவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே உணர்த்துவார். பேரம் பேசுகிறவர் ஆணாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அருப்புக்கோட்டையில் போனில் பேசியது ஒரு பெண்.

இரண்டாவது வேஷம், சூழலையே நஞ்சாக்குவது. இங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஆனால் வகுப்பில் இரட்டை அர்த்த ஜோக். உடம்பைப் பற்றிய 'கமென்ட்'. ராத்திரி பதினொரு மணிக்கு 'சாப்பிட்டியாம்மா?' என்று வாட்ஸ்அப். லேபில் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் தோளில் கை. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். தினமும் நடந்தால், அந்தப் பெண் அந்த வகுப்புக்கே போகாமல் இருக்க ஆரம்பிப்பாள். அவள் ஏன் மட்டம் போடுகிறாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அட்டெண்டன்ஸ் மட்டும் குறையும்.

'பாசத்தில் தொட்டால்கூடத் தப்பா?' என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் அதே 2018 ஏப்ரலில் பதில் கிடைத்தது. இந்த வழக்கு பற்றி விளக்குவதற்காகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். கூட்டம் முடிகிற நேரத்தில் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் தட்டிவிட்டார்! பேத்தி மாதிரி நினைத்துப் பாராட்டும் விதமாகச் செய்ததாக அவர் விளக்கம் சொன்னார். அந்தப் பத்திரிகையாளர் அதை ஏற்கவில்லை, பகிரங்கமாகக் கண்டித்தார். மறுநாளே ஆளுநர் எழுத்துமூலம் மன்னிப்பு கேட்டார். தொட்டவர் மனசில் என்ன இருந்தது என்பதல்ல கணக்கு, தொடப்பட்டவருக்குச் சம்மதமா என்பதே கணக்கு.

சிலம்பு எங்கே?

சரி, நடந்துவிட்டது. என்ன செய்வது?

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கண்ணகி பாண்டியன் சபைக்கு வெறும் கண்ணீரோடு வரவில்லை, கையில் சிலம்போடு வந்தாள். உடைத்துக் காட்டினாள். முத்தா, மாணிக்கமா என்ற ஒரே கேள்வியில் கேஸ் முடிந்தது. அருப்புக்கோட்டை மாணவிகளுக்கு அந்த ஆடியோதான் சிலம்பு.

ஆகவே, எதையும் அழிக்காதீர்கள். அருவருப்பில் அந்த மெசேஜை டெலீட் செய்யத்தான் தோன்றும். வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மூலத்தையும் போனிலேயே வைத்திருங்கள். என்று, எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆனால் அந்த ஆதாரத்தைக் குரூப் குரூப்பாக அனுப்பாதீர்கள். அது சேர வேண்டிய இடம் புகார்க் குழுவும் போலீஸும்தான்.

முடிந்தால் 'வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உறைந்துபோய் வாயே திறக்கவில்லையா? பரவாயில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுப் பழமொழி. இங்கே செல்லாது!

அடுத்து, தனியாக இருக்காதீர்கள். ஒரே ஒரு தோழியிடமாவது சொல்லுங்கள். இப்படிப்பட்ட ஆசாமிகள் ஒருத்தியோடு நிறுத்துவது அபூர்வம். நீங்கள் வாய் திறந்தால், 'எனக்கும்தான்டி' என்று இன்னொரு குரல் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஒருத்தி சொன்னால் 'கட்டுக்கதை' என்று ஒதுக்கலாம். நாலு பேர் சொன்னால்?

பிறகு, எழுத்தில் புகார். ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருந்தே தீர வேண்டும். அதன் தலைவர் பெண். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பெரிய தலைகள் குழுவில் இருக்கக்கூடாது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பாதிக்கப்பட்டவரால் புகார் தர முடியாத நிலை என்றால் தோழியோ உறவினரோ தரலாம். காசு கொடுத்துச் சமரசம் செய்யக்கூடாது. புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவரைத் தண்டிக்கவும் முடியாது.

'அவர்தானே என் பேப்பரைத் திருத்தப் போகிறார்?' என்பதுதானே உங்கள் பயம்? அதற்கும் விதியில் வழி இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு ஆளானவர் அந்த மாணவியின் படிப்பை மதிப்பிடக் கூடாது என்று தடுக்கச் சொல்லிக் குழு பரிந்துரைக்கலாம். தேவைப்பட்டால் மாணவிக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் கிடைக்கும்.

கல்லூரி இழுத்தடித்தால் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவிய ஏற்பாடு அது. அவசரம் என்றால் 181-க்கு போன் செய்யுங்கள்.

இப்போது பெற்றோருக்கு...

இவ்வளவு சட்டமும் குழுவும் இருந்தும், பெரும்பாலான பெண்கள் ஏன் சொல்வதில்லை? சாருக்குப் பயந்து மட்டுமில்லை. உங்களுக்குப் பயந்து!

'நீ படிச்சது போதும், வீட்டுல இரு.' இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவள் பயப்படுகிறாள். மதுரையில் முதல் பெண்கள் கல்லூரியான லேடி டோக், கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் முயற்சியில் 1948-ல்தான் வந்தது. பாத்திமா கல்லூரி 1953-ல், அரசு மீனாட்சி கல்லூரி 1965-ல். அதாவது, நம் பாட்டிமார்களில் பலருக்குக் கிடைக்காதது பேத்திக்குக் கிடைத்திருக்கிறது. அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள். தொல்லை கொடுக்கிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். அவன் தைரியத்துக்கு மூலதனமே உங்கள் வீட்டுக் கட்டுப்பாடுதான். 'வீட்டுல சொன்னா உன் படிப்பைத்தானே நிறுத்துவாங்க?' என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

அந்தக் கணக்கை உடைக்க சட்டப் புத்தகம் வேண்டாம். மகள் முதல் வருடம் சேருகிற அன்றே இப்படிச் சொன்னால் போதும்: 'எது நடந்தாலும் எங்ககிட்ட சொல்லும்மா. படிப்பை நிறுத்த மாட்டோம். உன்னைத் திட்ட மாட்டோம்.' சொன்னால் மட்டும் போதாது, அவள் வந்து சொல்லும்போது அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். 'நீ ஏன் அங்கே போனே? நீ என்ன டிரஸ் போட்டிருந்தே?' என்று முதல் கேள்வி கேட்டீர்களானால், இரண்டாவது முறை அவள் வாயே திறக்க மாட்டாள். 'அப்புறம் என்னம்மா ஆச்சு?' என்று கேளுங்கள். போதும்.

அந்த வழக்கு?

அருப்புக்கோட்டை வழக்கு ஆறு வருடம் நடந்தது. 2024 ஏப்ரல் 30-ம் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் நிர்மலாதேவிக்கு 10 வருட சிறைத் தண்டனை விதித்தது. மற்ற இருவர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. அந்தப் போன் பேச்சில் ஜாடையாகச் சொல்லப்பட்ட 'பெரிய இடம்' எது என்ற கேள்வி மட்டும் தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.

அந்த வருடமே டிசம்பர் 23-ம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளி ஆள் ஒருவன் புகுந்து மாணவி ஒருவரிடம் பாலியல் கொடுமை செய்தான். அந்த மாணவி மறைக்கவில்லை, உடனே புகார் செய்தார். ஆனால் அவருடைய விவரங்கள் அடங்கிய எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்துவிட்டது! துணிந்து வந்த பெண்ணுக்கு நம் அமைப்பு கொடுத்த பரிசு அது. உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. 2025 ஜூன் 2-ம் தேதி தண்டனை அறிவிக்கப்பட்டது. குறைந்தது 30 வருடம் சலுகை எதுவும் இல்லாத ஆயுள் தண்டனை.

ஒரு வழக்கு ஆறு வருடம், இன்னொன்று ஐந்தே சொச்சம் மாதம். ஆக, மனசு வைத்தால் சீக்கிரம் முடிக்க முடியும் என்று தெரிகிறது. புகார் கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்றுவதும் அதே மாதிரி மனசு வைக்க வேண்டிய வேலைதான்.

பன்வாரி தேவி உடம்பால் விலை கொடுத்தார். சரிகா ஷா உயிரையே கொடுத்தார். ஒவ்வொரு சட்டமும் யாரோ ஒரு பெண் அழிந்த பிறகுதான் வந்தது. அருப்புக்கோட்டை மாணவிகள் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். வலை விரிக்கும்போதே அடையாளம் கண்டு, யாரும் அதில் விழுவதற்கு முன்னால் புகார் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பெயர் தெரியாமல் இருப்பதுதான் சட்டம் அவர்களுக்குச் செய்கிற மரியாதை.

நீங்கள் மாணவியாக இருந்தால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நாளைக்குக் கல்லூரிக்குப் போனதும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும். இருந்தால், போனில் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால், மூன்று தோழிகளைக் கூட்டிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போய், 'ஏன் சார் இல்லை?' என்று கேளுங்கள்.